ஃபர்ஸ்ட் குரூப், தேர்ட் குரூப், நடுவுல பாலாறு

எங்க பக்கம் பத்தாவது ரிசல்ட் வந்துட்டா "எவ்ளோ மார்க்கு"ன்னு கேட்ட கையோட அடுத்த கேள்வி "இன்னா குரூப்பு". புள்ளைக்கு இன்னா புடிக்கும்ங்குற பேச்சே கிடையாது, மார்க்குதான் குரூப்ப முடிவு பண்ணும். நானூத்தம்பதுக்கு மேலன்னா பயோ மேத்ஸ், கொஞ்சம் குறைஞ்சா கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் குறைஞ்சா காமர்ஸ், எதுவும் கெடைக்கலன்னா வரலாறு குரூப்பு, அதுவும் கவர்மெண்ட் ஸ்கூல்லதான் தேடணும், நிறைய மெட்ரிக் ஸ்கூல்ல அந்த குரூப்பே நடத்துறது இல்ல. "என் பையன் ஹிஸ்டரி எடுத்துருக்கான்"னு யாராச்சும் சொல்லிப் பாருங்க, எதிர்ல நிக்கிறவங்க எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வெச்சிகினு "பரவால்ல, டிஎன்பிஎஸ்சி எழுதலாம்"னு ஆறுதல் சொல்லிட்டுப் போவாங்க.

வேலூர்ல இது கொஞ்சம் அதிகம்னுதான் நெனைக்கிறேன். டவுனுக்குள்ள சிஎம்சி ஆஸ்பத்திரி, பாலாத்துப் பாலத்தத் தாண்டினா காட்பாடில விஐடி, ரெண்டுக்கும் நடுவுல வளர்ற புள்ளைக்கு இந்த உலகத்துல டாக்டர், இன்ஜினியர்னு மொத்தமே ரெண்டு வேலைதான்னு தோணாம எப்படி இருக்கும். எங்க நைனா காலத்துல அப்படி இல்ல, பி.ஏ. எகனாமிக்ஸ் படிச்சிட்டு தாலுக்கா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவருக்கு தெருவுல இருந்த மரியாதையே வேற. 1984 வாக்குல எம்ஜிஆர் ஆட்சில தனியார் இன்ஜினியரிங் காலேஜுக்கு வழி உட்டாங்க, விஐடியே அந்த வருஷம் வேலூர் இன்ஜினியரிங் காலேஜுன்னு ஆரம்பிச்சதுதான், அப்புறம் ஐடி கம்பெனிங்க வந்துச்சு, பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸு ஏறினா காலைல வேலைங்குற காலம் வந்துச்சு, சம்பளம் எந்தப் பக்கம் போச்சோ மரியாதையும் அதே பக்கம் போயிடுச்சு. கலை வேற அறிவியல் வேறன்னு யாரோ பெரிய அறிஞர் உக்காந்து யோசிச்சு பிரிச்ச மாதிரி கட்டுரையில எல்லாம் எழுதுறாங்க, எங்க ஊர்ல அதப் பிரிச்சது சம்பளம்தான்.

இன்னொண்ணு சொல்லணும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் எங்க ஜில்லாக்காரர்தான், அவர் பொறந்தப்ப, 1888ல, திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவுல இருந்துச்சு. வாலாஜாபேட்டைல ஸ்கூலு, வேலூர் ஊரிஸ் காலேஜுல கொஞ்ச நாள், அப்புறம் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். அவர் பிலாசபி எடுத்த கதை தெரியுமா? ஆசைப்பட்டு எல்லாம் எடுக்கல. வீட்டுல காசு இல்ல, சொந்தக்காரர் ஒருத்தர் அதே காலேஜுல படிச்சி முடிச்சிட்டு தன்னோட பிலாசபி புஸ்தகத்த இவருக்குக் குடுத்துட்டாரு, புஸ்தகம் ஓசில கெடைச்சிச்சு, பாடம் முடிவாயிடுச்சு. அந்தப் பாடத்த வெச்சிதான் 1936ல ஆக்ஸ்போர்டுல புரொபசர் ஆனாரு. அப்பவும் குரூப்ப முடிவு பண்ணது வீட்டு நெலமதான்னு பாத்தா கொஞ்சம் சிரிப்பு வருது. ஆனா அன்னிக்கு வறுமை ஒரு ஆள பிலாசபில தள்ளுனா அங்க நல்ல வாத்தியாருங்க இருந்தாங்க, ஒரு மதிப்பும் இருந்துச்சு. இன்னிக்கு அதே வறுமையில பி.ஏ. வர்ற பையனுக்கு பாதி நேரம் கௌரவ விரிவுரையாளர்தான் கிளாஸ் எடுக்குறாரு, அவருக்கே அடுத்த வருஷம் வேலை இருக்குமான்னு தெரியாது.

சரி, சயின்ஸ் பக்கம் போனவங்களாச்சும் ஹிஸ்டரிகிட்ட இருந்து தப்பிச்சாங்களான்னா அதுவும் இல்ல. எந்த டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டருக்கு வேணா போய்ப் பாருங்க, பாதிப் பேரு பி.இ. முடிச்சவங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் ஃபோர் பரீட்சைல மொத்தம் 200 கேள்வி, அதுல 100 தமிழ், மிச்சத்துல வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம்னு வரும். பதினஞ்சு வயசுல வேணாம்னு தள்ளுன பாடத்த இருபத்தஞ்சு வயசுல ஒரு மார்க் கேள்வியா உருப் போடுறாங்க. வேலூர் புரட்சி எப்போ? 1806 ஜூலை 10. எதனால? புதுத் தலைப்பாகை. முடிஞ்சுது, அடுத்த கேள்வி. அந்தக் கோட்டைய தெனம் பஸ்ல தாண்டிப் போறவன்தான் அவனும். நெத்தில நாமமோ விபூதியோ வெக்கக் கூடாது, தாடிய எடுக்கணும், தலைப்பாகைல தோல்ல செஞ்ச குஞ்சம் வெச்சிக்கணும்னு ஒரு ஆபீசர் உத்தரவு போட்டா அத எல்லா மதத்துச் சிப்பாயும் ஏன் உசுருக்கு மேல எடுத்துகினாங்க, திப்பு சுல்தானோட பசங்க அதே கோட்டைக்குள்ள காவல்ல இருந்ததுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு யோசிக்க அவனுக்கு நேரம் இல்ல. ஆப்ஷன் ஏ, பி, சி, டி, அவ்ளோதான்.

இப்ப என் கதைக்கு வரேன். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ராணிப்பேட்டை பக்கம் தண்ணி டெஸ்ட் பண்ற ஒரு சின்ன லேப்ல வேல. கெணத்துத் தண்ணி, போர் தண்ணி, கம்பெனி தண்ணி எல்லாம் வரும். டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு மாதிரி சமாச்சாரம் மொத்தமும்), குளோரைடு, ஹார்ட்னஸ், குரோமியம்னு பாத்து ரிப்போர்ட் அடிச்சுக் குடுப்போம். குடிக்கிற தண்ணில டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும், மொத்த குரோமியம் 0.05 தாண்டக் கூடாது, இது எனக்கு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். ஒருமுறை ஆம்பூர் பக்கத்துல இருந்து ஒரு பெரியவரு ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல கெணத்துத் தண்ணி புடிச்சிகினு வந்தாரு, ரிப்போர்ட்ட கைல வெச்சிகினு கொஞ்ச நேரம் பாத்துட்டு "தம்பி, இது எப்பல இருந்து இப்படி ஆச்சின்னு இதுல போட்டுருக்குதா? யாரு பண்ணாங்கன்னு போட்டுருக்குதா?"ன்னு கேட்டாரு. போடலீங்க ஐயா, இதுல நம்பர்தான் வரும்னு சொன்னேன். "அப்ப இத வெச்சிகினு நான் இன்னா பண்றது?" எனக்கு பதில் தெரியல, ஏன்னா அந்தக் கேள்விங்க எதுவுமே நான் படிச்ச சிலபஸ்ல இல்ல.

அந்தக் கேள்விக்கு பதில் தேடினவங்க எங்க ஜில்லாவுலயே இருந்தாங்க, அத நான் லேட்டாதான் படிச்சேன். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்னு ஒரு அமைப்பு டேனரி, அதான் தோல் பதப்படுத்துற கம்பெனிங்க, அதோட கழிவு பாலாத்துல கலக்குறதப் பத்தி சுப்ரீம் கோர்ட்டுல போட்ட கேசு, 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு. இந்தியாவுல லா படிக்கிற எந்தப் புள்ளையும் இந்த கேஸ படிக்காம பாஸ் பண்ண முடியாது, எங்க ஊருப் புள்ளைங்களுக்குத்தான் தெரியாது. அந்தத் தீர்ப்ப எடுத்துப் படிச்சா முன் பக்கம் பூரா கெமிஸ்ட்ரி: குரோம் டேனிங்ல சுமார் 170 வகை கெமிக்கல், ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணி, வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் பண்ண சர்வேல டேனரி ஏரியாவுல ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நெலம் பயிர் வெக்க பாதியோ முழுசோ லாயக்கில்லாம போயிடுச்சுன்னு கணக்கு. இதெல்லாம் என்ன மாதிரி லேப்ல நிக்கிறவங்க எடுத்த நம்பர்.

ஆனா கேஸ செயிக்க வெச்சது நம்பர் மட்டும் இல்ல. "உன் கெணறு கெட்டது இந்த கம்பெனியாலதான்னு நிரூபி"ன்னு விவசாயியப் பாத்து கேட்டா அவரால எந்த ஜென்மத்துலயும் முடியாது, நெலத்தடி தண்ணி எங்க இருந்து எங்க ஓடுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும். கோர்ட்டு இன்னா பண்ணுச்சுன்னா அந்த பாரத்த தூக்கி அந்தப் பக்கம் வெச்சிது, தொழில் பண்றவன்தான் என்னால கெடுதல் இல்லன்னு காட்டணும், கெடுத்தவன்தான் நஷ்ட ஈடும் குடுக்கணும், கெட்டுப்போனத சரி பண்ற செலவும் ஏத்துக்கணும்னு சொல்லுச்சு. இது எந்த பியூரெட்லயும் பிப்பெட்லயும் வர்ற விஷயம் இல்ல பாருங்க. சந்தேகம்னு வந்தா அதோட பாரத்த யாரு சுமக்கணும்ங்குறது நியாயம் பத்தின கேள்வி, அத யோசிக்க பிலாசபியும் சட்டமும் சரித்திரமும் படிச்ச தலைங்க வேணும். அதே சமயம் நம்பர் இல்லாம வெறும் நியாயம் பேசிகினு டெல்லிக்குப் போயிருந்தா அதுவும் நின்னுருக்காது. ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்ததாலதான் அந்தத் தீர்ப்பு வந்துச்சு.

அதுக்காக பாலாறு சுத்தமாயிடுச்சான்னா, அதெல்லாம் இல்லீங்க. 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு இதே ஜில்லா, இதே டேனரி விஷயத்துல மறுபடி உத்தரவு போட வேண்டி வந்துச்சு. தீர்ப்பு வந்தா போதுமா, அத எடுத்துகினு ஊர் ஊரா, ஆபீஸ் ஆபீஸா போறதுக்கு நம்பரும் புரிஞ்ச மனுவும் எழுதத் தெரிஞ்ச ஆளு வேணும், அந்த ஆளத்தான் நம்ம பதினஞ்சு வயசுலயே ரெண்டா வெட்டிடுறோம்.

ஆர்ட்ஸ் பக்கம் மட்டும் பாவம்னு சொல்ல மாட்டேன். அங்கயும் நம்பரப் பாத்தா ஓடுற பழக்கம் நல்லா ஊறிப் போயிருக்குது. திருப்பத்தூர்கிட்ட பையம்பள்ளினு ஒரு ஊரு, 1960கள்ல தொல்லியல் துறை அங்க தோண்டி புதிய கற்காலத்துல இருந்தே மனுசங்க வாழ்ந்த தடயத்த எடுத்தாங்க. கரிஞ்சு போன கொள்ளு, பச்சப்பயிறு எல்லாம் கெடைச்சிருக்குது. அங்க எடுத்த கரிக்கு ரேடியோ கார்பன் காலம் பாத்துருக்காங்க, கரியில மிச்சம் இருக்குற கார்பன வெச்சி வயசு கணக்கு போடுறது அது, வர்ற வருஷத்தோட பக்கத்துல ஒரு பிளஸ் ஆர் மைனஸும் போடுவாங்க. ஹிஸ்டரில எம்.ஏ. படிச்ச என் ஃபிரெண்டுகிட்ட அந்த பிளஸ் ஆர் மைனஸ்னா இன்னாடான்னு கேட்டேன், "அதெல்லாம் சயின்ஸ்காரன் பாத்துப்பான்"ன்னுட்டான். டேய், உன் பாடத்தோட வருஷமே அதுலதான்டா நிக்குது. நூறு வருஷம் முன்ன பின்ன இருக்கலாம்னு கரி சொல்லுது, நம்ம ஆளுங்க மேடைல ஏறி சரியா இத்தனை ஆயிரம் வருஷம்னு அடிச்சுப் பேசுறாங்க.

ஜவ்வாது மலையில பாருங்க, காவலூர்ல வைணு பாப்பு ஆய்வுக்கூடம், 1986ல இருந்து 2.34 மீட்டர் டெலஸ்கோப்பு அங்க இருக்குது, 1988ல ராமானுஜன்னு பேர் வெச்ச சிறுகோள அங்க இருந்துதான் கண்டுபுடிச்சாங்க. அதே மலையச் சுத்தி, செங்கம் பக்கம் எல்லாம், பல்லவர் காலத்து நடுகல்லு, மாடு மீக்கப் போய் செத்தவன் பேரு வட்டெழுத்துல. ஸ்கூல் டூர்ல சயின்ஸ் குரூப்பு புள்ளைங்கள டெலஸ்கோப்புக்கு கூட்டிகினு போவாங்க, நடுகல்லு பக்கம் வண்டி நிக்காது. வழியிலதானே இருக்குது, ஒரு கால் மணி நேரம் நிறுத்துனா இன்னா கொறைஞ்சிடும்?

கவர்மெண்ட்டுக்கு இது தெரியாம இல்ல. அண்ணா யுனிவர்சிட்டில 2022ல இருந்து ஃபர்ஸ்ட் இயர் பி.இ. புள்ளைங்களுக்கு தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும்னு ரெண்டு பாடம் வெச்சாங்க, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு கிரெடிட்டு. நல்ல யோசனைதான், ஆனா ஒரு கிரெடிட் பாடத்துக்கு எவன் மெனக்கெடுவான், யூனிட் வாரியா பிடிஎஃப் சுத்துது, முந்தின நாள் ராத்திரி படிச்சா பாஸ். 2020 தேசிய கல்விக் கொள்கையும் கலை, அறிவியல்னு கெட்டியா பிரிக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்குது, அந்தக் கொள்கையில மத்தது பத்தி எனக்கு நிறைய சண்ட இருக்குது, இந்த வரியோட சண்ட இல்ல. ஸ்கூல்ல வந்து பாத்தா குரூப்பு அதே பழைய குரூப்புதான்.

எங்க அக்கா பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. கெமிஸ்ட்ரியும் புடிக்கும், சரித்திரமும் புடிக்கும், "மாமா, ரெண்டும் சேத்து எந்த ஸ்கூல்ல தருவாங்க?"ன்னா. சத்துவாச்சாரில இருந்து காட்பாடி வரைக்கும் தெரிஞ்ச வாத்தியாருங்களக் கேட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் வீட்டுல உக்காந்து சொன்னேன், பயோ மேத்ஸே எடுத்துக்கட்டும்க்கா, ப்ளஸ் டூ முடிச்சிட்டு அஞ்சு வருஷ லா போலாம், எந்த குரூப்பு எடுத்தாலும் சேரலாம், நீட்டு கீட்டு ஒண்ணும் வேணாம், ப்ளஸ் டூ மார்க்க வெச்சி கவுன்சிலிங்தான், காட்பாடிலயே கவர்மெண்ட் லா காலேஜு இருக்குது, கெமிஸ்ட்ரி தெரிஞ்ச வக்கீலு பாலாத்துக்கு எவ்ளோ வேணும் தெரியுமான்னு. புள்ளைக்கு கண்ணு விரிஞ்சுது. அக்கா காபி டம்ளர கீழ வெச்சிட்டு, "நானூத்தி எழுவத்தஞ்சு மார்க்கு எடுத்துட்டு வக்கீலாடா?"ன்னுது. அக்கா வீட்டுக்காரரும் அதே கட்சி. பேச்சு வார்த்தை இன்னும் நடந்துகினுதான் இருக்குது.