பீர் பீப்பாயில் முடித்த விஸ்கி: லேபிளை மறைத்து ருசித்துப் பார்த்தது

க்ளென்ஃபிடிக் ஐ.பி.ஏ எக்ஸ்பெரிமென்ட் என்ற விஸ்கி பாட்டிலைத் திறந்ததுமே எனக்கு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை அடித்தது. அடிக்காமல் இருக்குமா? பாட்டில் மேலேயே ஐ.பி.ஏ (ஹாப்ஸ் தூக்கலான ஒரு பீர் வகை) என்று எழுதியிருக்கிறதே. ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) என்று எழுதியிருந்தால் உலர்ந்த திராட்சை வாசனை வந்திருக்கும். வினோதமான பீப்பாயில் முடித்த, அதாவது கடைசிக் கொஞ்ச காலம் வேறு பானம் இருந்த பீப்பாயில் வைத்த, விஸ்கிகளைப் பற்றி எழுதுவதில் இதுதான் தொல்லை. மூக்கில் ஏறியது எவ்வளவு, கண்ணால் படித்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். இந்தத் தடவை அதைப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் சரக்கைப் பற்றி. 2016-இல் வந்த ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் இது, அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி. ஆலையின் விஸ்கிகளின் சுவைக்குப் பொறுப்பான மால்ட் மாஸ்டர் பிரையன் கின்ஸ்மன், ஆலை இருக்கும் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியிலேயே உள்ள ஒரு சிறிய பீர் ஆலையோடு சேர்ந்து செய்தது. ஐ.பி.ஏ பீர் ஊறிய பீப்பாய்களைக் காலி செய்து, ஏற்கெனவே முதிர்ந்த விஸ்கியை அவற்றில் 12 வாரம் வைத்திருக்கிறார்கள். ஆல்கஹால் 43 சதவீதம். எத்தனை வருடம் முதிர்ந்தது என்று லேபிளில் போடவில்லை.

பீர் பீப்பாய் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. மால்ட் விஸ்கியின் ஆரம்பமே ஒரு வகை பீர்தான். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, ஈஸ்ட் போட்டு நொதிக்க வைத்தால் சுமார் 8 சதவீத ஆல்கஹாலுடன் ஒரு திரவம் கிடைக்கும். அதில் ஹாப்ஸ் இருக்காது. அப்படியே ஹாப்ஸ் போட்டாலும் அதன் கசப்பு வடிப்பானைத் தாண்டி வராது, ஏனென்றால் அந்தக் கசப்பு அமிலங்கள் ஆவியாகாதவை. ஆகவே விஸ்கியில் ஹாப்ஸ் கசப்பு இருந்தால், அது மரத்தில் ஊறியிருந்த பீரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வாசனையை மட்டும் நம்ப முடியாது. பழம், பூ, எலுமிச்சைத் தோல் எல்லாம் பீரே படாத மால்ட்டிலும் தாராளமாக வரும். அதனால் நான் தேடியது கசப்பைத்தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பீப்பாய் செய்யும் ஓக் மரத்தின் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் வாயை வறள வைக்கும், அவசரத்தில் அதையும் கசப்பு என்று எழுதிவிடுவோம். கொஞ்சம் நிதானித்தால் வித்தியாசம் தெரிகிறது. டானின் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் சுருக்குகிறது. அது ஒரு உணர்ச்சி, சுவை அல்ல. ஹாப்ஸ் கசப்பு விழுங்கிய பிறகு மெல்ல ஏறி, சற்று நேரம் நின்றுவிட்டுப் போகும்.

பீர் பீப்பாயில் முடிக்கும் இந்த யோசனை புதிதும் இல்லை. க்ளென்ஃபிடிக்கின் சொந்தக்காரரான வில்லியம் கிராண்ட் நிறுவனத்தில் 1962-இல் சேர்ந்த டேவிட் ஸ்டூவர்ட்தான் 1980-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் இன்னொரு ஆலையான பால்வெனியில் விஸ்கியை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி முடிக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். பிறகு கிராண்ட்ஸ் என்ற கலப்பு விஸ்கிக்காக ஏல் வகை பீரை ஊற்றிப் பீப்பாய்களைப் பழக்கினார்கள். பழக்கி முடித்த பீரைக் கொட்டிவிடுவதுதான் திட்டம். அதை எடுத்துக் குடித்துப் பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போய், 2003-இல் இன்னிஸ் அண்ட் கன் என்ற பீரே பிறந்துவிட்டது. விஸ்கியைவிட அந்த பீர்தான் அதிகப் பேர் வாங்கியது என்றே நினைக்கிறேன்.

சரி, சோதனைக்கு வருவோம். ஒப்பிட க்ளென்ஃபிடிக் 12 எடுத்துக்கொண்டேன். இது சுத்தமான ஒப்பீடு இல்லை: 12-இல் போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயோடு ஷெர்ரி பீப்பாயும் இருக்கிறது, வயதும் வேறாக இருக்கலாம். ஆனால் ஒரே ஆலை, ஒரே வடிப்பு. இதைவிட நெருங்கிய உறவுக்காரன் கைவசம் இல்லை. 12 என்பது 40 சதவீதம், இது 43. இந்த 3 சதவீதத்தை வைத்தே எது எது என்று நாக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால் அதைச் சமன் செய்ய வேண்டியிருந்தது. 20 மில்லி ஐ.பி.ஏ-வில் ஊசியில்லாத சிரிஞ்சால் 1.5 மில்லி தண்ணீர் விட்டால் 40-க்கு இறங்கிவிடும்.

லேபிளைப் பார்த்துக்கொண்டே குடித்த முதல் சுற்றின் குறிப்பு இப்படி இருந்தது. மூக்கில் பச்சை ஆப்பிள், பேரிக்காய், கசக்கிய இலை. வாயில் வெனிலா இனிப்பு, பிறகு எலுமிச்சைத் தோல். கடைசியில் மெல்லிய கசப்பு. 12-இல் அதே பேரிக்காய் இன்னும் பழுத்து, தேனோடு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சோதனையாக இதற்கு மதிப்பில்லை.

அடுத்து மூன்று கிளாஸ் சோதனை. இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மற்றது, வேறானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், அதைத் தாண்டினால்தான் பேச்சு. நண்பர் ஊற்றினார், நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க விளக்கையும் குறைத்தோம். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு, எனவே நிறத்தை வைத்துப் பீப்பாயைப் பற்றி முடிவு கட்டவும் கூடாது.

மூக்கை மட்டும் வைத்துச் சொன்னபோது திணறினேன். ஒரு கிளாஸில் ஹாப்ஸ் இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன், அது 12. வாயில் வைத்த பிறகு கதை மாறியது. விழுங்கியதும் முதலில் இனிப்பு விலகி, அந்தக் கசப்பு ஏறும் கிளாஸ் தனியாகத் தெரிந்தது. ஈறு சுருங்கவில்லை, நாக்கில்தான் நின்றது. அதன் பிறகு பெரும்பாலும் சரியாகவே சொன்னேன், சிறிய சிறிய வாயாக எடுத்துத் துப்பியும் பார்த்தேன். துப்பினால் கசப்பு குறைவாகத்தான் தெரிகிறது, ஆனாலும் நாக்கு களைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தயாராக இருக்கும்.

தண்ணீர் சேர்த்த சுற்றை நான் அதிகம் எதிர்பார்த்தேன். 2017-இல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் செய்த ஆய்வில், ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது விஸ்கிக்குப் புகை மணம் தரும் குவாயகால் என்ற பொருள் மேற்பரப்பில் தங்குகிறது என்று சொன்னார்கள். நீர்த்தால் மணம் கிளம்புவதற்கு இது ஒரு விளக்கம். இந்த விஸ்கி ஏற்கெனவே 43-இல் இருப்பதால், 30 சதவீதம் அளவுக்கு நீர்த்தும் மூக்குக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. வெனிலா கரைந்து, கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. என் கணக்கில் இதற்குத் தண்ணீர் வேண்டாம். ஆனால் சோதிப்பதற்கு நல்ல வழி: பீப்பாய் என்ன கொடுத்தது என்று தெரிய வேண்டுமானால் நீர்த்துப் பார்க்கலாம், ரசிக்க வேண்டுமானால் அப்படியே குடிக்கலாம்.

காலி கிளாஸ்களைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகர்ந்ததில் இரண்டிலும் வெனிலாவும் மரமும் மட்டுமே. எளிதில் ஆவியாகாதவை அவைதான். ஹாப்ஸ் வாசனை என்று ஒன்று இருந்திருந்தாலும் இரவோடு போய்விட்டது.

பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியதும் திரும்ப ருசித்தேன். காற்று பட்டதில் பச்சை ஆப்பிள் மங்கிவிட்டது, கசப்பு அப்படியே இருக்கிறது. மீதியைச் சிறிய பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன்.

என் தீர்ப்பு: இளமையும் புத்துணர்ச்சியும் உள்ள நல்ல விஸ்கி, பீப்பாயின் வேலை உண்மையாகவே இருக்கிறது, ஆனால் பெயர் எதிர்பார்க்க வைக்கும் அளவில் பாதிகூட இல்லை. எனக்கு அந்த அளவே போதும். ஹாப்ஸ் நிறைய வேண்டும் என்றால் பீரே குடித்துவிடலாமே. சூட்டோடு சூடாக டெக்கிலா, மெஸ்கால் என்ற மெக்சிகோ மதுக்களின் பீப்பாய்களில் முடித்த விஸ்கிகளையும் சோதிக்க ஆசைதான். 2019-இல் ஸ்காட்ச் விதிகளைத் தளர்த்திய பிறகு அவையும் வந்துவிட்டன. ஆனால் அதற்கு முன் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் ஊறிய பீப்பாயில் முடித்த அயர்லாந்து விஸ்கியான ஜேம்சன் காஸ்க்மேட்ஸ் ஸ்டவுட்டைச் சாதாரண ஜேம்சன் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். இரண்டுமே 40 சதவீதம், சிரிஞ்சுக்கு வேலை இல்லை. ஸ்டவுட்டில் வறுத்த பார்லியின் மணம் தூக்கலாக இருக்கும் என்பதால், அந்தத் தடவை மூக்காலேயே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.