ஐசியு-வை அவசரமாகக் காலி செய்யும் திட்டம் எழுதப் போய் நான் பட்ட பாடு

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான அவசர வெளியேற்றத் திட்டத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒருவழியாக இப்போதுதான் கையெழுத்தாகியிருக்கிறது. தீ என்றால் நோயாளிகளை முதலில் அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப்பக்கம் நகர்த்துவது, அதற்கும் வழியில்லை என்றால்தான் கீழே இறக்குவது என்பதெல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். தொலைபேசிப் பட்டியல், யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பதும் சீக்கிரமே முடிந்துவிட்டது. மீதிதான் உயிரை எடுத்தது.

"பழைய ஃபைல்லயே இருக்கு சிஸ்டர், தேதியை மட்டும் மாத்திக் குடுங்க, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அது போதும்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். வாங்கிப் பார்த்தால், ஐசியு வேறு தளத்தில் இருந்த காலத்தில் எழுதியது, அதிலும் நோயாளிகளை லிஃப்டில் இறக்குவதாக ஒரு வரி! தளத்தின் வரைபடம் கேட்டேன். பராமரிப்புப் பிரிவில் கேளுங்கள் என்றார்கள், அங்கே போனால் அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டுமாம். வரைபடம் கடைசிவரை வரவே இல்லை. வெறுத்துப்போய், வார்டு பாய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காலிக் கட்டில் ஒன்றில் மணல் மூட்டைகளை ஏற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்பின் ஸ்டாண்டையும் மானிட்டரையும் மாட்டி, நாங்களே அந்தத் தீத்தடுப்புக் கதவு வழியாகத் தள்ளிப் பார்த்தோம்.

கட்டில் கதவிலேயே நின்றுவிட்டது. இரட்டைக் கதவில் ஒரு பாதி மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டுக் கிடந்தது, அதன் மேல் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். ஸ்பேனரால் தட்டித் திறந்தால் அந்தப்பக்கம் உடைந்த சக்கர நாற்காலிகளும் அட்டைப்பெட்டிகளும் ஆள் உயரத்துக்கு இருந்தன. எல்லாவற்றையும் விட மோசம், நோயாளிகளைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய அந்தப் பகுதியில் சுவரில் ஒரு ஆக்ஸிஜன் முனைகூட இல்லை. அதாவது கதவைத் தாண்டிய நிமிடத்திலிருந்து எல்லோரும் சிலிண்டரை நம்பித்தான்.

இங்கேதான் கணக்கு முக்கியம். பழைய ஃபைலில் "கட்டிலுக்கு ஒரு சிலிண்டர்" என்று போட்டு முடித்திருந்தார்கள். 1500 லிட்டர் சிலிண்டர் ஒன்று நிமிடத்துக்கு 5 லிட்டர் வாங்குபவருக்கு 5 மணி நேரம் வரும். மாஸ்கில் 15 லிட்டர் என்றால் 100 நிமிடம். ஆனால் ஹை ஃப்ளோவில், அதாவது மூக்குக் குழாய் வழியாக அதிவேகமாகக் கொடுக்கும் முறையில், முழு ஆக்ஸிஜனோடு 60 லிட்டரில் இருப்பவருக்கு 25 நிமிடம்தான், அதுவும் சிலிண்டர் நிறைந்திருந்தால். எங்கள் ஸ்டோரில் இருந்தவற்றில் பல பாதிக்கும் கீழே. சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று காட்டும் கேஜைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சேர்த்தோம். அப்புறம், சிலிண்டர் திறக்கும் சாவி. அது எப்போதும் யாருடைய பாக்கெட்டிலாவது இருக்கும், அவர் லீவில் இருப்பார். ஒவ்வொரு சிலிண்டரிலும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆக்ஸிஜன் லைன் வால்வை யார் மூடுவது என்பதில் பெரிய சண்டை. அலாரம் அடித்ததும் மூடிவிடுவோம் என்றார் இன்ஜினியர். லைனில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் தீ இன்னும் மூர்க்கமாகும் என்ற அவர் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வால்வை மூடினால் அந்தப் பகுதியின் எல்லாக் கட்டிலுக்கும் ஒரே நேரத்தில் நிற்கும். கடைசி நோயாளியும் சிலிண்டருக்கோ, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பைக்கோ மாறிவிட்டார் என்று ஷிஃப்ட் பொறுப்புச் செவிலியர் சொன்ன பிறகே மூடுவது என்று எழுதவைத்தேன். இந்த ஒரு வரிக்காக மூன்று துறைகளின் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, ஆனாலும் சந்தோஷம்தான்.

யாரை முதலில் எடுப்பது என்பதிலும் எளிதில் ஒத்துப்போகவில்லை. மோசமானவர்தான் முதலில் என்றார் சீனியர் டாக்டர் ஒருவர். வெள்ள எச்சரிக்கை போல நேரம் இருந்தால் சரி. தீயில் அப்படி முடியாது. நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில், அப்புறம் சட்டென்று நகர்த்தக்கூடியவர்கள். ஏழெட்டு மருந்து ஓடும் வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு நான்கைந்து பேர் வேண்டும், அவரைத் தயார் செய்யும் நேரத்தில் மற்றவர்கள் புகையில் மாட்டிக்கொள்வார்கள். வாய்விட்டுச் சொல்லச் சங்கடமான விஷயம், அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், இரவு இரண்டு மணிக்கு ஒரு ஜூனியர் டாக்டர் தலையில் கட்டக்கூடாது.

ஜெனரேட்டர் இருக்கிறதே, படி வழியாக இறக்கும் பயிற்சி எதற்கு என்று கேட்டவர்களுக்கு 2012 சாண்டி புயலைச் சொன்னேன். நியூயார்க்கின் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையில் மாற்று மின்சாரமும் போய், 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டிவந்தது. பச்சிளம் குழந்தைகளைச் செவிலியர்கள் கையால் மூச்சுக் கொடுத்தபடியே படியில் இறக்கினார்கள். இதைச் சொன்ன பிறகுதான், நோயாளியை மெத்தையோடு இழுத்துப் போக மெத்தைக்கு அடியில் விரிக்கும் இழுவை விரிப்புகளுக்கு எங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. வாங்கினால் மட்டும் போதாது, படித் திருப்பத்தில் மெத்தையோடு திரும்ப முடிகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். எங்களுக்கு வண்டி தருவதாகச் சொன்னவர்கள் அதே வண்டிகளைப் பக்கத்து மருத்துவமனைகளுக்கும் சொல்லியிருந்தார்கள். "பெட் இருக்கு, அனுப்புங்க" என்று வாயால் சொல்பவர்களிடம், வென்டிலேட்டரோடு எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது இரவு ஷிஃப்டில் மாக் டிரில் (ஒத்திகை) நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன். பகலில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் ஆள் குறைவு என்று பதில் வந்திருக்கிறது. ஆள் குறைவு என்பதால்தானே இரவில் கேட்கிறேன் என்று திருப்பி எழுதியிருக்கிறேன், பார்ப்போம்.