ஹாலில் 5.1: சுவர் வேலை ஆளுக்கு, ஒலி வேலை எனக்கு

மதுரை வீட்டு ஹாலில் 5.1 ஹோம் தியேட்டர் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ரிசீவர், முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு, அடி ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர். வாங்கிய கடையிலேயே ஆள் அனுப்பி மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். நான் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சுவர் வெட்டுவதும் கரண்ட் வேலையும் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. ஸ்பீக்கர் எங்கே நிற்பது, எந்த அளவில் ஒலிப்பது என்பது எனக்கு. கடை ஆள் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். நம் சோபாவில் உட்கார்ந்து கேட்டு, ஸ்பீக்கரை ஒரு சாண் நகர்த்தி, மறுபடி கேட்டுப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

நிறைய வீடுகளில் பார்க்கிறேன், பக்க ஸ்பீக்கர் இரண்டையும் கூரை மூலையில் ஏற்றிவிடுகிறார்கள். படத்தில் மழை பெய்தால் நம்மைச் சுற்றிக் கேட்காமல் பரண் மேலிருந்து கேட்கிறது. அத்தனை காசு போட்டு வாங்கியதற்கு அது அநியாயம்.

ஹால் 17 அடிக்கு 11 அடி. டிவி 11 அடிச் சுவரில். முதலில் சுவரைத் தொடவே இல்லை. ஒயரைத் தரையிலேயே ஓடவிட்டு, ஸ்பீக்கர்களை ஸ்டாண்டிலும் ஸ்டூலிலும் வைத்து இடம் பார்த்தேன். முன் ஸ்பீக்கர் இரண்டும் உட்காருபவருக்கு இடமும் வலமுமாக 30 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. கோணமானி தேவையில்லை, நூல் போதும். ஸ்பீக்கர்களுக்கு இடையே 8 அடி என்றால், இரண்டிலிருந்தும் தலைக்கு அதே 8 அடி. நூலை வெட்டிப் பிடித்தால் சமபக்க முக்கோணம் வந்துவிடும்.

ஆனால் அப்படி வைத்தபோது சோபா ஹாலின் நட்ட நடுவில் வந்து விழுந்தது. அங்கே கனத்த அடி ஒலி காணாமல் போகிறது. காரணம் அறையின் நீளம். 17 அடி என்பது ஏறக்குறைய 5.18 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த நீளத்தில் 33 ஹெர்ட்ஸ் அலை சுவருக்குச் சுவர் மோதி, நகராமல் ஒரே இடத்தில் நின்று அதிரும். அந்த அலை அறையின் நடுவில் மெலிந்தும் சுவரோரத்தில் வீங்கியும் இருக்கும். அதனால்தான் பின் சுவரில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் எல்லாம் திம்திம் என்று கேட்கிறது. சோபாவை ஒன்றரை அடி பின்னுக்குத் தள்ளினேன். கோணம் 30லிருந்து 25 டிகிரிக்கு இறங்கியது. ஒலி நுட்ப நிறுவனமான டால்பி சொல்லும் 22 முதல் 30 என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. அடி ஒலி திரும்ப வந்தது.

பக்க ஸ்பீக்கர்களுக்கு, நேர் முன்னாலிருந்து அளந்தால், 110 முதல் 120 டிகிரி. எங்கள் ஹாலின் அகலத்துக்கு அது சோபாவிலிருந்து இரண்டடி பின்னால், காதைவிட ஓர் அடி உயரத்தில் வந்தது. இடது பக்கம் சுவர் இருக்கிறது. வலது பக்கம் பால்கனிக் கதவு என்பதால் அங்கே ஸ்டாண்டு. சில நாள் இப்படியே படம் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் சரி என்று பட்ட பிறகுதான் சுவரில் பென்சிலால் குறித்தேன்.

அப்புறம் அண்ணன் வந்தார். இடது பக்கம் இருப்பது 4.5 இஞ்ச் செங்கல் சுவர். அதில் படுக்கைவசமாகக் காடி வெட்ட அவர் ஒப்பவில்லை. அவர் சொன்னது சரி, ஒல்லிச் சுவரில் நீளமாக வெட்டினால் பலம் போய்விடும். ஸ்பீக்கரிலிருந்து நேர் கீழே மட்டும் வெட்டிப் பைப் பதித்து, அங்கிருந்து ஸ்கர்ட்டிங் ஓரமாகக் கேசிங் பட்டை அடித்தார்.

“சார், ஏற்கெனவே ஒரு பைப் போகுது. அதுலயே விட்டுரட்டுமா?”

“வேண்டாம்ணே, அதுல 230 வோல்ட் போகுது. ஸ்பீக்கருக்குத் தனியாவே போட்டுருங்க.”

ரிசீவருக்கென்று தனி பிளக் பாயிண்ட் போட்டு, எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். இந்த வேலையை நாமே செய்து மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு இஞ்ச் பைப் ஒன்றைக் காலியாகப் பதித்து, உள்ளே கயிறு விட்டு வைக்கச் சொன்னேன். எச்டிஎம்ஐ கேபிளின் தலை பெரிது, முக்கால் இஞ்ச் பைப்பின் வளைவுகளில் சிக்கிக்கொள்ளும்.

ஒயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 அடி வரை 16 கேஜ் செம்பு தாராளம். ஆனால் மலிவு விலையில் வருவதில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வாங்க வேண்டாம்.

பைப்புக்குள் போய் வந்த ஒயரில் எது பிளஸ், எது மைனஸ் என்பதற்கு ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போதும். ரிசீவரில் இணைக்கும் முன், பிளஸ் என்று நினைக்கும் முனையைப் பேட்டரியின் பிளஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு கணம் தொட வேண்டும். வலையைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் கூம்பைப் பார்த்தபடி மகள் நின்றாள். “டப்” என்று வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் ஒயர் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மாறிவிட்டாலும் ஒலி அதனதன் இடத்தில் நிற்காது, அடி ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

சப்வூஃபருக்கு இடம் தேடும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவிலேயே வைத்து, தவில் கச்சேரி ஒன்றை ஓடவிட்டேன். பிறகு ஹால் ஓரமாகக் குனிந்தபடி மெல்ல நடந்தேன். தவிலின் கனத்த பக்கமான தொப்பியின் அடி எங்கே வீங்காமல், கார்வையோடு தெளிவாகக் கேட்கிறதோ, அதுதான் சப்வூஃபரின் இடம். மூலையில் உறுமியது. இடது முன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, சுத்தமாக இருந்தது.

ரிசீவரோடு வந்த மைக்கை முக்காலியில் காது உயரத்துக்கு நிறுத்தி, ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்பீக்கர்களின் ஒலியையும் தூரத்தையும் ரிசீவரையே அளக்கவிட்டேன். தெரு அடங்கிய பிறகு செய்வது நல்லது. அளந்து முடித்ததும் முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தது. அவற்றை ‘ஸ்மால்’ ஆக்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பினேன். சப்வூஃபரின் தூரத்தை டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டும். அதன் உள்சுற்று எடுத்துக்கொள்ளும் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது, திருத்தக் கூடாது. வசனம் வரும் நடு ஸ்பீக்கரின் முன்பக்கத்தை ரப்பர் கட்டை வைத்துக் காதை நோக்கி நிமிர்த்தினேன். அந்தச் சின்ன வேலைக்குப் பிறகு அம்மா வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டச் சொல்வது நின்றது.

டிவியில் ஆடியோ அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருந்தால் 5.1 பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கர் ஒலியாகச் சுருங்கிவிடும். ‘பாஸ் த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்ற வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளை ஏஆர்சி அல்லது இஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும்.

எதிரொலிதான் இன்னும் முழுதாக அடங்கவில்லை. விட்ரிஃபைடு டைல், சிமெண்டுச் சுவர், கான்கிரீட் கூரை. கைதட்டினால் கணீர் என்கிறது. முன்னால் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தும், பால்கனிக் கதவுக்குக் கனத்த திரை போட்டும் ‘ஸ்’, ‘ச்’ கூர்மை குறைந்திருக்கிறது. பின் சுவரில் புத்தக அலமாரி வரப்போகிறது.

அடுத்தது 5.1.2, மேலே இரண்டு ஸ்பீக்கர். ரிசீவரில் ஏழு சேனல் இருப்பதால் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் வேலை முழுக்க ஆளுக்குத்தான். பெயிண்ட் அடிக்கும் முன் வந்துவிடுவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். சோபாவுக்குச் சற்று முன்னால் வரும்படி இரண்டு இடமும் கூரையில் குறித்தாயிற்று.