துண்டுக்கு அடியில் முடிந்த வியாபாரம்

2025 நவம்பர் 11ஆம் தேதி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் டாலஸ் மேவரிக்ஸ் அணி தன் பொது மேலாளர் நிகோ ஹாரிசனை வீட்டுக்கு அனுப்பியது. 2025-26 பருவத்தின் முதல் பதினொரு ஆட்டங்களில் எட்டில் தோற்றதுதான் உடனடிக் காரணம். ஆனால் ஒன்பது மாதங்களாக அரங்கில் எழுந்துகொண்டிருந்த 'நிகோவை நீக்கு' என்ற கூச்சலுக்கும் அந்த எட்டுத் தோல்விகளுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது டாலஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அணியின் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கிய அந்த ஒரே ஒரு பரிமாற்றத்துக்காகவே ஊர் அவர் மேல் கோபமாக இருந்தது.

செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் "அன்றைக்கே சொன்னோமே" என்று எழுதினார்கள். நான் பழைய உரையாடலைத் தேடிப் பார்த்தேன். அன்றைக்கு அப்படிச் சொன்னவர்கள் பாதிப்பேர்தான். மற்றவர்கள் "டேவிஸும் சாதாரண ஆள் இல்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றுதான் எழுதியிருந்தார்கள், அதில் நானும் ஒருவன். ஆகவே நடந்தது தெரிந்த பிறகு ஞானம் பேசுவதை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த இரவு வரைக்கும் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவைத் தவறு என்று சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. இரவு பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. டாலஸை அடுத்த அர்விங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தூங்கியிருக்க வேண்டிய என் மகன் தொலைபேசியோடு வந்து நின்றான். "அப்பா, ஷாம்ஸோட அக்கவுன்ட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல" என்றான். இஎஸ்பிஎன் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா அந்தப் பரிமாற்றத்தை அறிவித்த பதிவைப் படித்த பெரும்பாலானோர் முதலில் நினைத்ததும் அதுதான். இது உண்மைதான் என்று அவரே மறுபடியும் ஒரு பதிவு போட வேண்டியிருந்தது. என் மகன் அதைப் படித்த பிறகும் நம்பவில்லை. மறுநாள் காலையில் அலமாரியில் தொங்கிய டான்சிச்சின் 77ஆம் எண் சட்டையை எடுத்து மடித்து, உள்ளே அடித்தட்டில் வைத்துவிட்டான்.

லேக்கர்ஸுக்குப் போனவர்கள் டான்சிச், மாக்சி கிளீபர், மார்கீஃப் மாரிஸ். டாலஸுக்கு வந்தது அந்தோணி டேவிஸ், மாக்ஸ் கிறிஸ்டி என்ற இளம் வீரர், லேக்கர்ஸின் 2029ஆம் ஆண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் ஒரு வீரரை எடுக்கும் உரிமை; நன்றாக ஆடிய அணியின் முறை பின்னால்தான் வரும்). இடையில் யூட்டா ஜாஸ் அணியும் சிறு பங்கு வகித்தது, அதை விட்டுவிடலாம். டான்சிச்சுக்கு அப்போது 25 வயது, அந்த மாதக் கடைசியில் 26 ஆகவிருந்தது. டேவிஸுக்கு 31, அடுத்த மாதம் 32. டான்சிச் 2020 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் என்பிஏவின் முதன்மை ஐவர் பட்டியலில் இடம்பெற்றவர். ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் எடுத்தவர். 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளிகளோடு முதலிடம் பிடித்து, அணியை 2011க்குப் பிறகு முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர்.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில், மின்னியாபொலிஸில் நடந்த இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. டாலஸ் இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. எதிரில் நின்றவர் மின்னசோட்டா அணியின் ரூடி கோபேர். ஏழடி உயரம், ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை அந்த மாதம்தான் நான்காவது முறையாக வாங்கியிருந்தார். டான்சிச் அவசரப்படாமல் பந்தைத் தட்டித் தட்டி அவரை உள்ளே இழுத்து, சட்டென்று பின்னால் ஓர் எட்டு வைத்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். கோபேரின் நீண்ட கை நீளும்போது பந்து கையைவிட்டுப் போய்விட்டது. மூன்று நொடிகள் மிச்சம், 109-108. இப்படிப்பட்ட ஒருவரைத்தான், அவர் போகிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாதபோது, டாலஸ் கொடுத்துவிட்டது. கரீம் அப்துல் ஜப்பார் 1975இல் மில்வாக்கியை விட்டு லேக்கர்ஸுக்குப் போனார் என்றால் அவரே கேட்டுப் போனார். கேட்காத நட்சத்திரத்தை, அதுவும் அந்த வயதில், யாரும் இப்படி அனுப்புவதில்லை.

ஹாரிசன் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தடுப்பாட்டம்தான் கோப்பை வெல்லும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 2024 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில், 21 புள்ளிகள் பின்தங்கியிருந்த டாலஸ் வித்தியாசத்தை மூன்றாகக் குறைத்திருந்த நேரத்தில், நான்கு நிமிடங்களுக்கு மேல் மிச்சமிருக்கும்போதே டான்சிச் ஆறாவது ஃபவுல் செய்து வெளியேறினார். எதிரணியான பாஸ்டனின் வீரர்கள் அவருடைய தடுப்பாட்டத்தைத் தேடித் தேடித் தாக்கினார்கள் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடலைப் பேணும் விஷயத்தில் அவர் மேல் அணிக்கு மனக்குறை இருந்ததாகவும் செய்திகள் வந்தன. பரிமாற்றம் நடந்தபோது கெண்டைக்கால் காயத்தால் கிறிஸ்துமஸ் நாளிலிருந்து ஆடாமல் இருந்தார். அடுத்த கோடையில் அவருக்கு ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 345 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அவ்வளவு பணத்தை இவரை நம்பிப் போடலாமா என்று ஒரு மேலாளர் தயங்கினால், அது பைத்தியக்காரத்தனம் அல்ல.

விற்பதென்று முடிவெடுப்பது ஒன்று, விற்கும் விதம் வேறு. எனக்கு ஆறாதது இரண்டாவதுதான்.

என் தாத்தா மாடு விற்கச் சந்தைக்குப் போனால் கூடவே போயிருக்கிறேன். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அதற்கு அடியில் விரல்களைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் இரகசியம்தான். ஆனால் ஒரு தரகரின் கையோடு தாத்தா மாட்டை அவிழ்த்துவிட்டதாக எனக்கு நினைவில்லை. மதியம் வரைக்கும் நான்கைந்து துண்டுகளுக்கு அடியில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கொடுப்பார்.

ஹாரிசன் ஒரே ஒரு துண்டுக்கு அடியில் கையை நீட்டினார். ஜனவரி 7ஆம் தேதி லேக்கர்ஸ் டாலஸுக்கு ஆட வந்தபோது, அதன் பொது மேலாளர் ராப் பெலிங்காவைக் காபி குடிக்க அழைத்துப் பேச்சைத் தொடங்கினார். இருவரும் பழைய நண்பர்கள். லேக்கர்ஸின் நட்சத்திரம் கோபி பிரையன்ட்டின் முகவராகப் பெலிங்கா இருந்த காலத்தில், நைக்கி காலணி நிறுவனத்தில் கோபியின் விவகாரங்களைக் கவனித்தவர் ஹாரிசன். மூன்றரை வாரங்களில் வியாபாரம் முடிந்தது. மற்ற அணிகள் எவையும் அழைக்கப்படவில்லை. அணியின் பயிற்சியாளர் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். செய்தி கசிந்தால் ரசிகர்கள் கொந்தளிப்பார்கள், டான்சிச்சின் தரப்பு குறுக்கே வரும், பேச்சு முறியும் என்பது அவர்கள் கணக்கு. கசியாமல் காப்பாற்றியதில் முழு வெற்றி. அந்த வெற்றிக்கான விலையைத்தான் டாலஸ் கொடுத்தது.

அந்த விலை எவ்வளவு என்று பார்க்க அதற்கு முந்தைய சில பரிமாற்றங்களே போதும். 2024 கோடையில் நியூயார்க் நிக்ஸ் அணி மிகால் பிரிட்ஜஸுக்காகப் புருக்ளினுக்கு ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது. பிரிட்ஜஸ் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அதுவரை ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் (ஆண்டின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனவரல்ல. 2022இல் மின்னசோட்டா அதே கோபேருக்காக நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளும் கூடவே ஒரு கூட்டம் வீரர்களும் கொடுத்தது. இதே டேவிஸை 2019இல் நியூ ஆர்லியன்ஸிடமிருந்து வாங்க லேக்கர்ஸ் மூன்று இளம் வீரர்களையும் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்திருக்கிறது. டான்சிச்சுக்கு, ஆறு வயது மூத்த டேவிஸோடு, ஒரே ஒரு தேர்வு.

லேக்கர்ஸிடம் வேறொன்றும் இல்லை என்றால்கூட மனம் ஆறும். நான்கே நாட்கள் கழித்து, பிப்ரவரி 5ஆம் தேதி, சார்லட் அணியின் மார்க் வில்லியம்ஸ் என்ற இளம் நடுவாட்டக்காரருக்காக அதே லேக்கர்ஸ் தன் 2031ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வையும், டால்டன் நெக்ட், கேம் ரெடிஷ் ஆகிய இருவரையும், 2030இல் தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுக்கச் சம்மதித்தது. உடல் பரிசோதனையில் வில்லியம்ஸ் தேறவில்லை என்று அந்தப் பரிமாற்றம் பிறகு ரத்தானது வேறு விஷயம். டான்சிச்சுக்காக மேசைக்கு வராத பொருளெல்லாம் வில்லியம்ஸுக்காக மேசைக்கு வந்தது. (2018இல் அட்லாண்டாவிடமிருந்து டான்சிச்சை வாங்க டாலஸ் கொடுத்த முதல் சுற்றுத் தேர்வில் பின்னர் எடுக்கப்பட்டவர்தான் இந்தக் கேம் ரெடிஷ். விதி சில நேரம் இப்படிக் கிண்டல் செய்யும்.) அணியின் முன்னாள் பெரும்பான்மை உரிமையாளர் மார்க் கியூபன்கூட, விற்றது தவறு என்று சொல்லவில்லை, இன்னும் நல்ல விலைக்கு விற்றிருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். டாலஸில் இந்த விஷயத்தில் யாரோடும் ஒத்துப்போகாத நான் அவரோடு ஒத்துப்போகிறேன்.

ஆகவே அந்த முடிவைக் கண்டிக்க அதற்குப் பிறகு நடந்தவை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. பிறகு நடந்தவற்றில் பாதி ஹாரிசனுக்கு அநியாயமும்கூட. மார்ச் 3ஆம் தேதி அணியின் இன்னொரு நட்சத்திரம் கைரி அர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்ததற்கு (எங்கள் ஊர்ப் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருப்பதால் இந்தச் செய்தியை வீட்டில் விளக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது) ஹாரிசன் என்ன செய்வார்? அதேபோல, 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று குலுக்கும் மே மாத லாட்டரியில் முதலிடம் பிடித்து, கூப்பர் ஃபிளாக் என்ற இளம் வீரரை எடுத்ததையும் அவர் கணக்கில் வரவு வைக்க முடியாது. டேவிஸ் விஷயம் மட்டும் அப்படியல்ல. பிப்ரவரி 8ஆம் தேதி ஹூஸ்டனுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்தில் 26 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்து அரங்கைக் குளிர வைத்துவிட்டு, மூன்றாவது கால்பகுதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். திரும்பி வர மார்ச் கடைசி வாரம் ஆயிற்று. ஹாரிசன் நீக்கப்பட்ட அன்றும் கெண்டைக்கால் காயத்தோடு உட்கார்ந்திருந்தார். இதை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. டாலஸ் அவரை வாங்கியபோதே அவர் வயிற்றுத் தசைக் காயத்தால் ஆடாமல் இருந்தார். கெண்டைக்கால் சரியில்லை என்று ஒருவரைக் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லாத, மேலும் ஆறு வயது மூத்த ஒருவரை வாங்கியதற்கு அன்றைய தேதியிலேயே விளக்கம் இல்லை.

டாலஸுக்கு இது புதிதல்ல என்றும் சொல்லலாம். 1996 டிசம்பரில் அந்த அணி தன் இளம் நட்சத்திரம் ஒருவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தது; அவர் பிறகு அங்கும் நியூ ஜெர்சியிலும் பெரிய ஆளாகி, 2008இல் டாலஸுக்கே திரும்பி வந்து, 2011இல் கோப்பையை வாங்கித் தந்தார். அவர் பெயர் ஜேசன் கிட். டான்சிச் போன இரவில் டாலஸின் பயிற்சியாளராக இருந்தவரும் அவரேதான். அன்றைக்கு அவர் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்கும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், கோப்பைக் கணக்கைவிட அதைக் கேட்கலாம்.

ஏப்ரல் 9ஆம் தேதி டான்சிச் லேக்கர்ஸ் சட்டையில் டாலஸுக்கு வந்தார். இருக்கைகளில் ஸ்லோவேனிய மொழியில் 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று அச்சிட்ட சட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. ஆட்டம் தொடங்குமுன் அவருடைய ஏழாண்டுக் காட்சிகளைத் திரையில் ஓட்டினார்கள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். அதன் பிறகு எழுந்துபோய் 45 புள்ளிகள் எடுத்தார். அவர் கூடை போட்டபோதெல்லாம் டாலஸ் அரங்கமே கைதட்டியது. லூகா ரசிகர்களுக்கு முக்கியமானவர் என்று தெரியும், ஆனால் எந்த அளவுக்கு என்று தெரியாமல் போயிற்று என்று பருவம் முடிந்தபோது ஹாரிசன் சொன்னார். நான்கு ஆண்டுகள் இந்த ஊரில் வேலை பார்த்தவர் சொன்ன சொல் இது.

இப்போது என் மகன் ஃபிளாக்கின் 32ஆம் எண் சட்டை வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுத்துவிடுவேன். எனக்கு மட்டும் அந்த 2029ஆம் ஆண்டுத் தேர்வு மனத்தில் நிற்கிறது. டான்சிச் 2025 ஆகஸ்டில் லேக்கர்ஸோடு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார். 2029இல் அவருக்கு முப்பது வயதுதான் ஆகியிருக்கும். அவர் அங்கேயே நன்றாக ஆடினால் லேக்கர்ஸ் மேல் வரிசையில் இருக்கும், டாலஸுக்குக் கிடைக்கும் தேர்வு வரிசையின் வாலுக்குப் போய்விடும். வாங்கிய பொருளின் மதிப்பு, விற்ற பொருள் நன்றாக இருக்க இருக்கக் குறைகிற இந்த வியாபாரத்தில், அந்தத் தேர்வில் வரப்போகும் பையன் இன்றைக்கு எங்கோ ஓர் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பான்.