காட்சி 31, பலகை

ஜூன் 2

போர்ப் படம். சூப் வாளியோடு வரும் சமையற்காரன் ஒரே பலகையில் மூன்று முறை வழுக்கி விழுகிறான். நான்காம் முறை அவன் வருவதில்லை, காலிப் பலகை மட்டும். நான்குக்கும் ஒரே ஃபிரேம். 28 மி.மீ. லென்ஸ்தான். இயக்குநர் மறுபடி 40 கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டினால் போதும். சமையற்காரன் வழுக்கும் பலகை கேமராவிலிருந்து 4.5 மீட்டர். சூப்பர் 35 அளவு சென்சார், ஃபிரேமின் அகலம் உயரத்தைப் போல் 1.85 மடங்கு. அந்தத் தூரத்தில் 28-க்கு ஃபிரேமின் உயரம் ஏறக்குறைய 2.15 மீட்டர். உச்சந்தலையிலிருந்து பூட்ஸ் வரை ஆள் அடங்குவான், சூப் வாளி பறக்கவும் மேலே கொஞ்சம் இடம் இருக்கும். 40-க்கு 1.5 மீட்டர்தான். கால் வெட்டுப்படும். வழுக்கி விழுபவனின் காலை வெட்டிவிட்டு எதைப் பார்த்துச் சிரிப்பது?

ஃபோக்கஸிலும் இதே கதை. லென்ஸ் துளை எஃப் 8, குழப்ப வட்டம் (ஒரு புள்ளி இவ்வளவு மசங்கினாலும் தெளிவாகவே தெரியும் என்ற எல்லை) 0.025 மி.மீ. என்று வைத்தால் 28-க்கு ஹைப்பர்ஃபோக்கல் தூரம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 4-இல் பூட்டிவிட்டால் 2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு. இடது ஓரத்தில் 2.5 மீட்டரில் உட்கார்ந்து முகம் மழிப்பவனும், பின்னால் வெகு தூரத்தில் எழும் புகையும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும். 40-இல் 4 மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் மசங்கிவிடும்.

ஜூன் 3

மழை. பலகை மிதக்கிறது.

ஜூன் 5

மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926), கடைசிப் போர். பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுகிறார்கள். எங்கோ மறைந்திருந்து ஒருவன் சுடுகிறான். கீட்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. உத்தரவு கொடுக்கத் திரும்பினால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்புறம் வாளை உருவுகிறான். அலகு பிடியிலிருந்து கழன்று பறந்து, சுட்டவன் மேலேயே பாய்கிறது.

சாவுகளை எண்ணினால் இது படுகொலை. ஆனால் சிரிக்கிறோம். விழுந்தவன் முகத்துக்கு ஒரே ஒரு க்ளோஸ்-அப் போட்டிருந்தால் அவனுக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் வந்து சேர்ந்திருக்கும். அடுத்தவன் விழும்போது யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கீட்டனின் ஃபிரேம் யார் பக்கமும் சாயவில்லை. நமக்கும் அதுதான் வேண்டும், ஆனால் தலைகீழாக: சிரிப்புக்கென்று வைத்த அதே ஃபிரேம், ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல், சாவையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜூன் 6

வழுக்கல் பற்றி, ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கும் ஸ்டண்ட் மாஸ்டருக்கும் சொல்ல வேண்டியவை.

பலகை வழுக்கவே கூடாது. வழுக்குவது நடிப்பு. பலகையின் மேல்புறம் மணல்தாள் ஒட்டி, அதன் மேல் மர நிறம். அவன் விழும் இடத்தில் சேற்றுக்கு அடியில் 10 செ.மீ. ஃபோம். பலகையும் சேறும் நனைந்தால் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், பார்ப்பவனுக்குப் பலகை எது என்றே தெரியாது. ஆகவே அந்த மர நிறத்தைச் சேற்றைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சமாக வைக்க வேண்டும்.

நடை வலமிருந்து இடம், கேமராவுக்குக் குறுக்காக. கேமராவை நோக்கி வந்து விழுந்தால் உடம்பு மடங்கிக் குறுகிவிடும், குந்தி உட்கார்ந்தது போலத்தான் தெரியும். லென்ஸ் உயரம் 1.1 மீட்டர், இடுப்பளவு. இன்னும் மேலே போனால் தரை எழும்பி வந்து ஆளை விழுங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே இறங்கினால் சமையற்காரன் மாவீரன் ஆகிவிடுவான், விழுந்தாலும் கம்பீரம் போகாது.

வாளி ஃபைபரில். உள்ளே 2 லிட்டர் போதும். நிரம்பிய வாளி என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் உடை மாற்ற வேண்டும், அரை நாள் போய்விடும். ஆவி தெரிய வேண்டுமென்றால் பின்னாலிருந்து வெளிச்சம், அதற்கும் பின்னால் இருட்டு. சமையல் கூடாரத்தின் திறந்த வாய் அந்த இருட்டைத் தரும். முன்னாலிருந்து எவ்வளவு லைட் அடித்தாலும் ஆவி தெரியாது.

ஜூன் 8

ஹேண்ட்ஹெல்ட், கேமராவைக் கையில் பிடித்தே எடுக்கலாமே என்கிறார்கள். போர் என்றாலே கேமரா நடுங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தைப் பார்க்கட்டும். விமானத் தளத் தாக்குதல் முழுக்கச் செய்திப்படம் மாதிரி, கையில் பிடித்த கேமரா. அதில் நகைச்சுவையை யாரும் தேடுவதில்லை. போர் ஆலோசனை நடக்கும் வட்ட மேசை அறையில் ஜெனரல் பேசிக்கொண்டே பின்னோக்கித் தடுக்கி, உருண்டு, எழுந்து, வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அங்கே ஃபிரேம் வைட், ஆள் முழுசாகத் தெரிகிறார். விழுவது என்பது நேர்கோட்டிலிருந்து விலகுவது. அந்த நேர்கோடே ஆடிக்கொண்டிருந்தால் விலகல் தெரியாது.

ஷட்டர் கோணமும் 180 டிகிரியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்கும் என்பது அதில்தான் இருக்கிறது. விநாடிக்கு 24 ஃபிரேமில் அது 1/48 விநாடி. 90 டிகிரி என்றால் 1/96, ஒரு ஸ்டாப் போகும். 45 என்றால் 1/192, 2 ஸ்டாப். குறுகிய ஷட்டரில் மண் துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், அசைவு வெட்டி வெட்டித் தெரியும். குண்டு வெடிப்புக்கு நன்றாக இருக்கும். வழுக்கலுக்கு வைத்தால், இது சண்டைக் காட்சி என்று முதல் முறையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் 9

ஹேண்ட்ஹெல்டை இன்னும் விடவில்லை.

ஜூன் 11

'ஜோஜோ ராபிட்' (2019). உயரமான விளிம்பில் அம்மா நடக்கிறாள், அவள் காலணி பையனின் முகத்துக்கு நேராக. விளையாட்டு. பின்னால் ஒரு நாள் பட்டாம்பூச்சியைத் தொடர்ந்து போய் அவன் நிமிரும்போது அதே காலணி, அதே உயரம். தூக்கில் தொங்குபவளின் முகத்தைக் காட்டவே இல்லை. காட்ட வேண்டியதும் இல்லை. அந்த உயரத்தை நம் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கிவிட்டார்கள்.

'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' (1997) படத்தில் இரும்புப் பெட்டியின் பிளவு வழியே பையன் பார்க்கிறான். துப்பாக்கி முனையில் போகும் அப்பா கண்ணடித்துவிட்டுக் கோமாளி மாதிரி அணிவகுத்து நடக்கிறார். பிளவுக்குள்ளிருந்து பார்த்தால் அது வேடிக்கை, வெளியே நின்று பார்த்தால் கடைசி நடை. சுடுவது மூலைக்கு அந்தப் பக்கம், சத்தம் மட்டும். கேமரா கூடவே போயிருந்தால் அந்த நடை பாழாகியிருக்கும்.

இரண்டிலும் கேமரா தனக்கு எதுவும் முன்கூட்டித் தெரிந்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. பலகைக்கும் இதைத்தான் கேட்கிறேன்.

ஜூன் 12

இப்போது ஜூம் வேண்டுமாம். காலிப் பலகையை நோக்கி மெதுவாக.

ஆல்ட்மன் 'மேஷ்' (1970) படத்தில் ஜூம் வைத்தார் என்று வாதம். வைத்தார். அது கூட்டத்துக்குள் அலையும் ஜூம். ரத்தம், ஜோக், ஒன்றின் மேல் ஒன்றாகப் பேச்சு, இதில் எதைப் பார்ப்பது என்று தேடிக்கொண்டே போகும். காலியான இடத்தை நோக்கி ஜூம் போனால் அது தேடல் இல்லை, விரலை நீட்டி 'அழு' என்று சொல்வது.

பானும், அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதும், வேண்டாம். பலகையிலிருந்து புகைக்குத் திரும்பலாம் என்று இணை இயக்குநர் சொன்னார். 24 ஃபிரேமில் ஒரு பொருள் ஃபிரேமின் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 விநாடியாவது வேண்டும், இல்லாவிட்டால் படம் துள்ளும். அந்த 7 விநாடியில் பார்வையாளர் பதிலை ஊகித்து முடித்திருப்பார். 'லா கிராண்ட் இல்யூஷன்' (1937) படத்தில் கைதிகளில் ஒருவன் பெண் உடையில் வந்து நிற்கும்போது சிரிப்பு அடங்குகிறது, கேமரா முகம் முகமாக நகர்கிறது. அங்கே பான் பலிக்கிறது, ஏனென்றால் முதலில் மௌனம் வந்துவிட்டது. கேமரா அதன் பின்னால் போகிறது.

ஜூன் 14

காலி ஃபிரேம் எத்தனை விநாடி? நாள் முழுக்க இதே.

மூன்று வழுக்கல்களின் நீளத்தைப் பொறுத்தது. முதல் முறை அவன் ஃபிரேமுக்குள் வந்து பலகையைத் தொட 5 விநாடி. இரண்டாம் முறை கவனமாகத் தாண்டப் பார்க்கிறான், மழிப்பவன் தண்ணீரை வீசுகிறான்: 7. மூன்றாம் முறை பத்திரமாகக் கடந்து, பெருமையோடு திரும்பிப் பார்த்து, அப்புறம் விழுகிறான்: 10. நான்காம் முறை கூடாரத்துக்குள் வாளி மூடியின் சத்தம் வராது. காலி ஃபிரேம் 5 விநாடி என்றால் இன்னும் வருவான் என்றுதான் தோன்றும். 10-ஐத் தாண்டும்போதுதான் யாரோ ஒருவர் சிரிக்கத் தயாராக இருந்த வாயை மூடுவார். ஆகவே 14. எடிட்டர் 6 போதும் என்பார். டேக்கை 40 விநாடி ஓட விட வேண்டும், அவர் கேட்காவிட்டாலும்.

க்ளோஸே கூடாது என்பதல்ல. 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) முடிவில் விடுதியில் சிப்பாய்கள் விசிலடித்துக் கேலி செய்கிறார்கள், அந்த ஜெர்மன் பெண் பாடத் தொடங்குகிறாள், முகங்கள் ஒவ்வொன்றாக அருகில் வருகின்றன, கேலி அழுகையாகிறது. முதலில் கும்பல், அப்புறம் ஆள். அங்கே அழுவதற்கு முகங்கள் இருக்கின்றன. நமக்கு முகம் இல்லை, அதுதான் காட்சியே. மழிப்பவனுக்கு க்ளோஸ் கேட்டால் கொடுக்காதே.

ஜூன் 15

'கேட்ச்-22' (1970): முன்னால் இருவர் முட்டை வியாபாரம் பேசுகிறார்கள், பின்னால் அடிபட்ட விமானம் இறங்கி மோதி எரிகிறது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முன்புறம், பின்புறம் இரண்டும் தெளிவாக இருந்தால்தான் இது நடக்கும். பின்னால் மசங்கியிருந்தால் தீ வெறும் ஆரஞ்சு அலங்காரம்.

புகை எந்த முறை எழ வேண்டும் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. மூன்றாம் வழுக்கலின்போதே. சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது, சத்தமில்லாமல், ஃபிரேமின் மேல் வலது மூலையில். பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டாம்.

ஜூன் 17

நான்கு ஷாட்டும் ஒரே அமைப்பு, ஆனால் நான்கும் ஒரே நாளில் முடியாது. டிரைபாட் காலுக்கு மூன்று பக்கமும் ஆணி அறைந்த மரக்கட்டை, மேலே மணல் மூட்டை. லென்ஸ் உயரம், சாய்வு, பலகை வரை டேப் அளவு, மூன்றையும் ஸ்லேட்டின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். கேமரா உட்காரும் டிரைபாட் ஹெட்டைப் பூட்டியபின் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் காலி ஃபிரேமில் ஆபரேட்டரின் கை தானாகவே சமநிலை தேடிப் பலகையை நடுவுக்குக் கொண்டுவரும். 2 செ.மீ. நகர்ந்தாலும் நான்கையும் அடுத்தடுத்து ஒட்டும்போது துள்ளும்.

காலை 9 முதல் 10 வரை மட்டும். அதற்குப் பிறகு கூடாரத்தின் நிழல் சுருங்கி ஆவிக்கு இருட்டு இருக்காது. நான்காவது ஷாட்டுக்கு மேகம் வேண்டும் என்று யாராவது கேட்டால், வேண்டாம். அதே வெயில்.

ஜூன் 18

இயக்குநர் 28-க்கு ஒத்துக்கொண்டார். 14 விநாடிக்கு இல்லை.

ஜூன் 20

வெயில். பலகை காய்ந்து வெளுத்து, சேற்றைவிட 2 ஸ்டாப் மேலே போய்விட்டது. 9-க்குள் நனைக்க வேண்டும். மழிப்பவனின் கண்ணாடி வானத்தைக் காட்டுகிறது, 5 டிகிரி கீழே சாய்க்கச் சொல்ல வேண்டும்.