லீகல் எய்ட் வழக்கறிஞர்களுக்கு உரிய மதிப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாக எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு வீட்டுப் பிள்ளை கைதாகிவிட்டால் அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் யோசனை, கடன் வாங்கியாவது சொந்தமாக வக்கீல் வைத்துவிடுங்கள், வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் கிடைக்கும் லீகல் எய்ட் (சட்ட உதவி) வக்கீலை நம்பி இருக்காதீர்கள் என்பதுதான். அரசுப் பணத்தில் சம்பளம் பெறுகிறவர் அரசு தொடுத்த வழக்கை எதிர்த்து எப்படி மனமார வாதாடுவார் என்ற ஐயமே இதற்குக் காரணம். ஆனால், குற்றம் சாட்டி வழக்கு நடத்தும் துறை வேறு. தனக்கென ஒரு சட்டமும் நிர்வாகக் குழுவும் கொண்டு இயங்கும் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா வேறு. அங்கிருந்து வரும் வழக்கறிஞர், பணம் வாங்கிக்கொண்டு வாதாடும் எந்த வழக்கறிஞரையும் போலவே, அரசுக்கு அல்ல, தம் கட்சிக்காரருக்கே கடமைப்பட்டவர்.

இந்த உரிமை எளிதில் வந்துவிடவில்லை. 1988இல், டர்பன் அடங்கிய நேட்டால் மாநிலத்தின் நீதிபதி டிட்காட், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஒருவரைத் துணையின்றி விசாரிப்பது சில வழக்குகளில் விசாரணையையே நியாயமற்றதாக்கிவிடும் என்று தீர்ப்பளித்தார். சில ஆண்டுகளில் புளூம்பாண்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கருத்தை ஏற்க மறுத்தது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த காலத்தில் எழுதப்பட்ட 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பும், அதன் பின் வந்த 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35ஆம் பிரிவும்தான், வழக்கறிஞர் இல்லாவிட்டால் பெரும் அநீதி நேரும் என்ற நிலையில் அரசே தன் செலவில் ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்றும், அந்த உரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் திட்டவட்டமாகக் கூறின.

வழக்கறிஞர் துணையின் அருமையை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, டர்பனில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியிடம் வந்து நின்றார். காந்தியின் தமிழ்க் குமாஸ்தா அவர் பேச்சை மொழிபெயர்த்தார். அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கிய காந்தி, நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். பிறகு ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றியும் கொடுத்தார். சட்டம் தெரிந்த ஒருவர் உடன் நின்றதனால்தான் ஒரு கூலித் தொழிலாளியின் முறையீடு அங்கே காதில் விழுந்தது.

நம் சமூகத்தில் பிறந்த நவநீதம் பிள்ளையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பேருந்து ஓட்டுநரின் மகளான அவர், 1967இல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த, வெள்ளையரல்லாத முதல் பெண்மணி. ராபன் தீவில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973இல் நீதிமன்றத்தில் போராடிப் பெற்றவரும் அவரே.

இன்றைய நீதிமன்றங்களில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை, எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தாய்க்குத் துணையாகச் சென்றபோது அருகிலிருந்து பார்த்தேன். அவர் மகன்மீது கடையில் திருடியதாக வழக்கு. "அக்கா, இந்தச் சின்னப் பொண்ணா என் மகனுக்காகப் பேசப் போகுது?" என்று அவர் என் காதருகே கேட்டார். லீகல் எய்ட் அனுப்பிய அந்த இளம் வழக்கறிஞரோ, கை நிறையக் கோப்புகளோடு கீழ்த்தளத்துக் காவல் அறைக்குச் சென்று, கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பையனிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். வந்ததும், "ஆன்ட்டி, உங்கள் வீட்டு முகவரியுள்ள கரண்ட் பில் ஏதாவது கையில் இருக்கிறதா? நிலையான முகவரியைக் காட்டினால் இன்றே ஜாமீன் கேட்கலாம்" என்றார். கைப்பையின் அடியில் நான்காய் மடிந்து கிடந்த பில்லை அந்தத் தாய் எடுத்துத் தர, அவர் அதை மேசைமேல் நீவி, தேதியைச் சரிபார்த்து, கோப்பின் முதல் தாளாக வைத்துக்கொண்டார். அன்று மாலையே பையன் ஜாமீனில் வீடு திரும்பினான்.

பின்னர் காவல்துறையின் டாக்கெட்டை, அதாவது வாக்குமூலங்கள் அடங்கிய விசாரணைக் கோப்பை, அந்த வழக்கறிஞர் வரிவரியாகப் படித்தபோது, இரண்டு சாட்சிகள் சொன்ன நேரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதது தெரியவந்தது. அதை அவர் அரசு வழக்குரைஞரிடம் எடுத்துக்காட்டிய பிறகு வழக்கு திரும்பப் பெறப்பட்டது. சாட்சிகளின் வாக்குமூலங்களைக் காட்ட முடியாது என்று பொதுவாக மறுக்கும் பழைய வழக்கத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 1995இல்தான் செல்லாதென்று அறிவித்தது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால், அந்தத் தாள்கள் கைக்கு வந்தும் எங்கள் தெருப் பையனுக்கு என்ன பயன் இருந்திருக்கும்?

குற்றம் செய்தவனுக்காகவும் இவர்கள் வாதாடுகிறார்களே என்று கேட்பவர்களை நான் அறிவேன். யார் செய்தார் என்பதைத் தீர்மானிப்பது விசாரணை. இரண்டு தரப்பும் பேசாமல் அது விசாரணையாகவே இருக்காது. ஆகவே முதல் நாள் மாஜிஸ்திரேட், சொந்த வழக்கறிஞரா, லீகல் எய்ட்டா, நீங்களே வாதாடுகிறீர்களா என்று கேட்கும்போது, வசதியில்லாதவர்கள் தயக்கமோ வெட்கமோ இல்லாமல் லீகல் எய்ட் வேண்டும் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்கள் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துக் கேளுங்கள்; அதுவும் அதே 35ஆம் பிரிவில் உள்ள உரிமைதான்.