வெள்ளை ஜுப்பாவும் வனிலின் கறையும்

கிழக்கிலங்கையில் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் வனிலா அத்தருக்கு எப்பவும் கிராக்கி. முறைப்பாடும் கூடவே வரும்: ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளை ஜுப்பாவின் கழுத்துப்பட்டியில் தேயிலைச் சாயம் போல ஒரு வட்டம். பழி எண்ணெயின் தலையில் விழும். எண்ணெய் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

கறை போடுவது வனிலாவுக்கு வாசம் தரும் வனிலின். அது ஒரு அல்டிகைட்டு, அதேநேரம் பீனோலும்கூட: அதன் பென்சீன் வளையத்தில் (ஆறு காபன் அணுக்களின் வளையம்) அல்டிகைட்டுத் தொகுதிக்கு நேரெதிரே ஐதரொட்சில் (OH) தொகுதி, அதற்குப் பக்கத்தில் மெதொட்சி (OCH₃). சவர்க்காரத்தின் காரம் பட்டால் ஐதரொட்சில் தன் ஐதரசனை இழந்து மஞ்சளாகும். காற்றும் துளி இரும்பும் சேர்ந்தால் மூலக்கூறுகள் சோடி சோடியாக ஒட்டிப் பழுப்பேறும். தேய்க்கத் தேய்க்கக் கறை எடுப்பாகத் தெரிவது இதனால்தான்.

மல்லிகையோடு கலந்தால் இன்னும் மோசம். மல்லிகைக் கலவைகளில் மெதைல் அந்திரனிலேற்று என்ற வாசனைப் பொருள் இருக்கும். அதன் அமைன் (நைதரசன் உள்ள தொகுதி) வனிலினின் அல்டிகைட்டைப் பிடித்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியே தள்ளி, சிஃப் பேஸ் என்ற செம்மஞ்சள் நிறச் சேர்வையாக மாறும். தெளிவான எண்ணெய் சில நாளில் கலங்கினால் அந்த நீரையும் சந்தேகியுங்கள். மல்லிகையின் இன்னொரு வாசனைப் பொருளான இந்தோல் வேறு வழியால் வந்து சிவப்பைக் கூட்டும்.

தூளை நேராகச் சூடான பரபின் எண்ணெயில் கொட்டுவதுதான் வழமையான பிழை. வனிலின் 81–83 பாகை செல்சியஸில் உருகும். சூட்டில் கரைந்த மாதிரித் தெரியும்; ஆறினதும் போத்தலின் அடியில் வெள்ளை ஊசிகளாக வளர்ந்து நிற்கும். முதலில் கரைசல் செய்யுங்கள்: 10 கிராம் வனிலின், 90 கிராம் டைபுரோபிலீன் கிளைக்கோல் (வாசனைப் பொருள்களைக் கரைக்கும் திரவம்), இரண்டையும் தராசில் நிறுத்து, கண்ணாடிக் குவளையை 45–50 பாகை வெந்நீரில் வைத்து, தெளியும்வரை கண்ணாடிக் கோலால் கிண்ட வேண்டும். கறள் பிடித்த கரண்டி கிட்டவும் வரக்கூடாது.

இந்தக் கரைசல் ஸ்பிரிட் வாசனைக்குத்தான். கிளைக்கோல் பரபினோடு சேராது, இரண்டு படையாகப் பிரியும். எண்ணெய் அத்தருக்கு 5 கிராம் வனிலினை 95 கிராம் பென்சைல் பென்சோவேற்று என்ற கரைப்பானில் இளஞ்சூட்டில் கரையுங்கள். அடி எண்ணெயில் கலந்தபின் ஒரு இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊசி விழுந்தால் வனிலின் கூடிவிட்டது.

வனிலினின் செயற்கை உறவான எதைல் வனிலின் வாசத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு வலியது. ஷாலிமார் என்ற பிரெஞ்சு வாசனைத் திரவியம் 1925 இலேயே அதைப் பிரபலமாக்கியது. மூன்றிலொரு பங்கு போட்டாலே போதும் என்பதால் கறை குறையும், ஆனால் நிறம் மாறும் குணம் அதற்கும் உண்டு. வனிலினின் எசுத்தரான வனிலின் ஐசோபியூற்றிரேற்றில் அந்த ஐதரொட்சில் மூடிக் கிடப்பதால் வெளிர்நிறமாகவே நிற்கும். வாசம் மெல்லியது, கொஞ்சம் பாலாடை மாதிரி. வெள்ளை உடுப்புக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான். சவர்க்காரத்துக்கு இது உதவாது: காரத்தில் எசுத்தர் மெல்ல உடைந்து பழைய வனிலினே திரும்பி வரும். வீட்டுத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்துக்கு வனிலா வாசம் வேண்டுமென்றால் கபில நிறத்தையே விற்றுவிடுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே போத்தல் அடுக்காதீர்கள். கபிலப் போத்தலில், கழுத்துவரை நிரப்பி, பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

விற்கமுன் வெள்ளைப் பருத்தித் துண்டில் மூன்று துளி விட்டு இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். பிறகு துண்டின் ஒரு பாதியை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மற்றப் பாதியோடு வைத்துப் பாருங்கள்.